விடிந்துவிட்டது என்று சொல்ல ஒருவர்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற மாதம் எங்களிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சிறுவயதிலிருந்தே ஒரு காலில் வலுவில்லை. ஊன்றுகோலுடன் நடப்பவர். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தார், கணினிக் கற்கைநெறி ஒன்றையும் முடித்தார். நகரில் ஓர் இடத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறார். அலுவலகம் இரண்டாம் மாடியில். படியேறிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவரிடம் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, உங்களுக்கு மாசக் கொடுப்பனவு வருதுதானே, பிறகு ஏன் கஷ்டப்படுறீங்க?"

கேட்டவர் கெட்ட மனிதர் இல்லை. இரக்கத்தோடுதான் கேட்டிருக்கிறார். தேநீரும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வேலை மட்டும் கொடுக்கவில்லை.

மாணவர் எங்களிடம் கேட்டார்: "சேர், கொடுப்பனவு எடுக்கிறவன் வேலை கேக்கக் கூடாதா?"

அன்று அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. இந்தப் பதிவுதான் அந்தப் பதில். இந்தக் கேள்வி இன்று முளைத்ததல்ல. இதற்கு நீண்ட வரலாறு உண்டு, அதில் நம்முடைய பங்கும் உண்டு.

மதீனாவிலிருந்து தொடங்குவோம். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை நம் பிள்ளைகள் 'அபஸ' சூராவின் வரலாற்றோடு படிக்கிறார்கள். பார்வையற்ற தோழர். அவரை முன்னிட்டு இறைவசனம் இறங்கியது என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. பிலால் (ரழி) அவர்களோடு அவரும் மஸ்ஜிதுந் நபவியின் முஅத்தின். நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்பட்ட பல தடவைகளில் மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் விட்டுச் சென்றார்கள்.

ரமழானில் ஸஹர் முடிவை அறிவித்தது அவருடைய அதான். பிலாலின் அதானுக்குப் பிறகும் உண்ணலாம், இப்னு உம்மி மக்தூமின் அதான் கேட்டால் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெளிச்சம் வந்துவிட்டதா என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. அந்த வேலை, பார்க்க முடியாத ஒருவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது! எப்படி முடிந்தது? விடிந்துவிட்டது என்று மக்கள் அவரிடம் சொல்வார்கள், அவர் அதான் சொல்வார். இவ்வளவுதான் ஏற்பாடு. அவரிடம் இல்லாத ஒன்றை ஊர் இரண்டு சொல்லால் நிரப்பியது. அவரிடம் இருந்த குரலையும் நேர்மையையும் ஊர் பயன்படுத்திக்கொண்டது. அவருக்கு ஸதக்கா கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைக்கவில்லை.

பின்னர் உமையா கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 705–715), பார்வையற்றோருக்கு வழிகாட்டிகளையும் நடக்க முடியாதோருக்கு உதவியாளர்களையும் அரச செலவில் நியமித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பார்வையற்ற தாஹா ஹுஸைன் 1950இல் எகிப்தின் கல்வியமைச்சரானார். பார்வையிழந்த ஷைக் பின் பாஸ் சவூதியின் தலைமை முப்தியாக இருந்தார். இவர்களை நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் நம் கடையில் ஒரு பார்வையற்ற பிள்ளை தொலைபேசி எடுக்க வேலை கேட்டு வந்தால் தயங்குகிறோம்.

தமிழ் இலக்கியத்திலும் இது உண்டு. இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடவாது. கண் தெரியாதவர் தோளில் நடக்க முடியாதவர் ஏறி வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்தார்கள். அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையற்றவர். அவர் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து பரராசசேகரன் அவையில் பாடிப் பரிசில் பெற்றார் என்பார்கள். பரிசில், வித்தைக்குக் கிடைத்த கூலி. அது பிச்சையல்ல.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1912இல் மேரி சப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி, கேட்காத, பார்வையற்ற பிள்ளைகளுக்கென இலங்கையில் முதல் பாடசாலையைத் தொடங்கினார். அதுதான் பின்னர் இரத்மலானையில் நிலைத்தது. திருகோணமலையிலிருந்து ஒரு பிள்ளை அங்கே போக வேண்டுமென்றால் நாட்டின் மறு கரைக்குப் போக வேண்டும். 1956இல் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை வந்தபோது தமிழ்மொழிப் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது. பிறகு போர் வந்து, பாதைகள் மூடுண்டபோது அந்தக் கதவும் எட்டாத தூரத்துக்குப் போனது. எத்தனையோ பிள்ளைகள் வீட்டுத் திண்ணையிலேயே வளர்ந்தார்கள். படிப்பு இல்லாமல் வேலை எங்கிருந்து வரும்?

1934இல் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. நம்மைப் போன்ற துறைமுக ஊருக்கு முக்கியமான சட்டம் இது. பாரந்தூக்கி, இரும்புச் சங்கிலி, கப்பலின் அடித்தளம் என்று கை கால் போகக்கூடிய வேலைகள் நிறைந்த ஊர் நம்முடையது. அந்தச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. கை போனால் உழைக்கும் ஆற்றலில் இத்தனை வீதம் இழப்பு, விரல் போனால் இத்தனை வீதம் என்று எழுதியிருக்கும். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். முதலாளி வெறுங்கையோடு அனுப்ப முடியாமல் போனது. ஆனால் போனது எத்தனை வீதம் என்று கணக்குப் பார்த்த சட்டம், மிச்சமிருக்கும் வீதத்தை வைத்து அந்த மனிதர் எந்த வேலைக்குத் திரும்பலாம் என்று கேட்கவில்லை. பணத்தைக் கொடுத்தால் கடமை முடிந்தது. இரண்டாம் மாடியில் அந்த அதிகாரி கேட்ட கேள்விக்குள்ளும் இதே எண்ணம்தான் இருக்கிறது.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. நிலாவெளி வீதியில் போர்க்கால மயானம் இருக்கிறது. அழகாகப் பராமரிக்கிறார்கள், ஒவ்வொரு கல்லிலும் பெயர். எந்தப் போரிலும் இறந்தவர்களுக்குக் கல் கிடைக்கிறது. உறுப்பிழந்து உயிரோடு திரும்பியவர்களுக்குக் கிடைக்க வேண்டியது கல் அல்ல, வேலை. அந்தப் போரிலிருந்து உடல் ஊனமுற்றுத் திரும்பிய தன் மக்களுக்காக பிரித்தானியா 1944இல் ஒரு சட்டம் இயற்றியது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் 3 வீதமானோரை ஊனமுற்றோரிலிருந்து எடுக்க வேண்டும் என்றது. மின்தூக்கி இயக்குநர், வாகனத் தரிப்பிடக் காவலர் ஆகிய இரண்டு வேலைகளை அவர்களுக்கென்றே ஒதுக்கியது. நோக்கம் நல்லது. ஆனால் ஒதுக்கிய வேலைகளைப் பாருங்கள்! மேலே போகும் பெட்டியின் பொத்தானை அழுத்தலாம், மேல் மாடியில் மேசை கிடையாது.

நம் நாட்டிலும் அதே 3 வீதம் வந்தது. 1988 ஓகஸ்ட் 18ஆம் திகதிய 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையின்படி, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 வீதத்தைத் தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்க வேண்டும். அவருடைய ஊனம் கடமைக்கு இடையூறாக இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. 1999இல் இன்னொரு சுற்றறிக்கை இதையே மீண்டும் நினைவூட்டியது. ஒரு விடயத்தைப் பத்து வருடம் கழித்து நினைவூட்ட வேண்டியிருந்தது என்றால், முதலாவது எந்த இலட்சணத்தில் நடந்திருக்கும் என்று விளங்கும். சுற்றறிக்கை சட்டமல்ல. 'இடையூறு' என்பதைத் தீர்மானிப்பவரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான். தனியார் துறையை அது தொடவே இல்லை. இந்தியா 1995 சட்டத்தில் 3 வீதம் வைத்து, 2016இல் அதை 4 வீதமாக்கியது. நாம் 1988 இலேயே நிற்கிறோம்.

சட்டம் 1996இல் வந்தது. அது 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். வேலைக்கு ஆள் சேர்ப்பதிலோ, கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலோ ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்பது அதன் 23ஆம் பிரிவு. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். எங்கள் மாணவருக்கு இது தெரியாது. உண்மையைச் சொன்னால், சில வருடங்களுக்கு முன் எங்களுக்கும் தெரியாது.

படிகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2006இல் பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகக்கூடியதாக அமைக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. கடதாசியில் கிடந்த அந்த விதிகளுக்கு உயிர் கொடுக்கக் கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போனார். இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த வாகனத்தின் மேல் வீதியோர மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். 2011 ஏப்ரல் 27ஆம் திகதி நீதிமன்றம் அவருடைய மனுவில் கட்டளை பிறப்பித்தது. புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளை மீற முடியாது என்றானது. 2020இல் அவர் மறைந்தார். 2016இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. 2024இல் பார்வையற்ற ஒருவர், சுகத் வசந்த டி சில்வா, முதன்முறையாக நம் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். பாராளுமன்றத்தில் ஓர் ஆசனம் தயாராகிவிட்டது. நம் கடைத்தெருவில்?

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதம், அதாவது 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமம் உள்ளவர்கள். நூறு பேர் ஜும்ஆவுக்கு நின்றால் எட்டொன்பது பேர் இருக்க வேண்டும். நம் பள்ளிவாசல் ஸஃப்பில் அத்தனை பேரைக் காண்கிறோமா? காணவில்லையென்றால் அவர்கள் ஊரில் இல்லை என்று அர்த்தமில்லை. படிகளுக்குக் கீழே, வீட்டுக்குள்ளே இருக்கிறார்கள். அதுவும் நம் மாவட்டம் சாதாரண மாவட்டமா? 2004 சுனாமி கிண்ணியா வைத்தியசாலையையே அள்ளிக்கொண்டு போனது. 2006இல் மூதூர் மக்கள் கால்நடையாகக் கந்தளாய் பார்த்து ஓடினார்கள். ஷெல்லுக்கும் கண்ணிவெடிக்கும் தமிழன், முஸ்லிம், சிங்களவன் என்று தெரியாது. மூன்று பேருடைய கால்களையும் எடுத்தது.

அந்தக் கால்களுக்கு மாற்றும் வந்தது. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில், அதிகம் படிக்காத சிற்பக் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் சேர்ந்து ஒரு செயற்கைக் காலை உருவாக்கினார்கள். அதுவரை இருந்த மேல்நாட்டுக் கால் சப்பாத்துப் போட்டுக் கதிரையில் இருப்பவருக்கானது. இது வெறுங்காலோடு சேற்றில் நடக்க, குந்தியிருக்க, சம்மணமிட ஏற்றது. அதாவது வயலுக்கும் தோணிக்கும் தொழுகைக்கும் ஏற்றது. 1987இல் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது. கால் செய்தவர்கள் முதலில் மனிதனுடைய வேலையைப் பார்த்தார்கள். பிறகுதான் காலைச் செய்தார்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் காலைப் பார்க்கிறோம், வேலை இல்லை என்கிறோம்.

குறை சொல்வதற்கு முன் எங்களையும் சொல்ல வேண்டும். அந்த மாணவர் வகுப்பில் இருந்தபோது அவரை வாசலோரம் உட்கார வைத்தோம், போய் வரச் சுகம் என்று. விளையாட்டுப் போட்டி நாட்களில் "நீங்க வீட்ட இருங்க மகன்" என்றோம். நேரக்கணிப்பாளராகவோ புள்ளி எழுதுபவராகவோ நிற்க வைத்திருக்கலாம். கணக்கில் கெட்டிக்காரர்! அது எங்களுக்குத் தோன்றவேயில்லை. அந்த அதிகாரி இரண்டாம் மாடியில் கேட்ட கேள்வியை, அதற்குப் பத்து வருடம் முன்பே வேறு வார்த்தையில் நாங்கள் கேட்டிருக்கிறோம். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

ஸகாத் கமிட்டி நண்பர்களே, வருடா வருடம் கொடுக்கும் காசோடு, அவருக்கு என்ன வேலை தெரியும் என்ற ஒரு கேள்வியையும் விண்ணப்பப் படிவத்தில் சேருங்கள்.

நம்பிக்கையாளர் சபைகளே, அடுத்த தடவை பள்ளிவாசலுக்கு மாபிள் பதிக்கும்போது, அதற்கு முன் ஒரு சாய்தளம் போடுங்கள். வுழூச் செய்யும் இடத்துக்கும் சேர்த்து.

கடை, நிறுவன முதலாளிமாரே, வேலையைக் கீழ் மாடிக்குக் கொண்டுவர முடியுமா என்று ஒரு தடவை யோசியுங்கள். பெரும்பாலும் ஒரு மேசையை இடம் மாற்றும் செலவுதான்.

பெற்றோரே, ஊரார் என்ன சொல்வார்கள் என்று பிள்ளையை மறைக்காதீர்கள். பாடசாலைக்கு அனுப்புங்கள். சேர்க்க மறுத்தால் 1996 சட்டத்தைச் சொல்லுங்கள்.

மகன், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கொடுப்பனவு உங்கள் உரிமை, வேலையும் உங்கள் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. மதீனாவில் இப்னு உம்மி மக்தூமுக்குத் தேவைப்பட்டது, விடிந்துவிட்டது என்று சொல்ல ஒருவர். உங்களுக்குத் தேவைப்படுவது கீழ் மாடியில் ஒரு மேசை.

இதை எழுதும் வரை அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கணக்கு எழுத, கணினியில் பதிவு செய்ய நம்பிக்கையான ஆள் தேவைப்படுவோர் உள்பெட்டியில் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். சம்பளம் மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே கொடுங்கள். குறைக்கவும் வேண்டாம், இரங்கிக் கூட்டவும் வேண்டாம்.

வஸ்ஸலாம்.