கலாய்: ஒரு மெல்லிய பூச்சின் நெடிய வரலாறு

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது அரியமங்கலம். அப்பகுதியிலும் பிற ஊர்களிலும் நிக்காஹ் விருந்துக்கு உலை வைக்குமுன், பழகிய பண்டாரி செம்புத் தேக்சாவின் உட்புறத்தை நோக்குவார். அது வெண்மையாக இருத்தல் வேண்டும். சிவப்புத் தெரிந்தால் அதில் தாளிச்சா சமைக்கலாகாது. புளியும் மாங்காயும் தயிரும் செம்பைக் கரைத்து உணவைக் கெடுத்துவிடும். இதனைத் தடுக்கும் வெள்ளீயப் பூச்சையே 'கலாய்' என்கிறோம்.

பொன், வெள்ளிக் கலங்களில் உண்பதையும் பருகுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதே வேளையில், 'ஸுஃப்ர்' எனப்படும் பித்தளைப் பாத்திரத்தில் கொண்டுவரப்பட்ட நீரில் அவர்கள் உளூச் செய்ததை அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி உள்ளது. முஸ்லிம் நாடுகளின் அடுக்களைகளில் செம்பும் பித்தளையும் நெடுங்காலம் சிறந்து விளங்கின. அவற்றுக்குத் துணையாக வெள்ளீயமும் தேவைப்பட்டது.

அந்த ஈயம் எங்கிருந்து வந்தது? சொல்லே விடை பகர்கிறது. 'கலாய்' என்பது உருது வழியே தமிழுக்கு வந்த சொல். அதன் மூலம் 'கலஈ' என்னும் அரபுச் சொல். அதனை மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலிருந்த 'கலஹ்' துறைமுகத்தோடு இணைப்பது வழக்கம். ஒன்பதாம் நூற்றாண்டின் புவியியலாளர் இப்னு குர்தாத்பிஹ் அங்கிருந்த ஈயச் சுரங்கத்தைக் குறிப்பிடுகிறார். கலஹ் என்பது கெடாவே என ஆய்வாளர் சிலர் கருதுவர். கெடாவோ தமிழருக்குக் கடாரம். 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற நாடு. ஆக, அரபு வணிகரும் தமிழரும் அறிந்திருந்த ஒரே கடல்வழியின் நினைவு நம் அடுக்களைச் சொல்லில் தங்கியிருக்கிறது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு சொற்குழப்பத்தையும் நாம் கருத வேண்டும். அரபியில் 'ரஸாஸ்' என்பது பொதுப்பெயர். 'ரஸாஸ் கலஈ' என்றால் வெள்ளீயம், 'ரஸாஸ் அஸ்வத்' என்றால் காரீயம். தமிழிலும் 'ஈயம்' பொதுப்பெயரே. காவிரிக் கரை அந்தணர் இல்லங்களில் ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கு உரியது வெள்ளீயம். காரீயமோ நஞ்சு. அதற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பெரிதும் பாதிக்கும். வெள்ளீயம் விலை மிக்கது, காரீயம் மலிவானது. கலப்படத்திற்கு வழி திறப்பது இவ்வேறுபாடே.

பாத்திரத்தைத் துலக்கிச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரே சீராகப் பரப்புவதே கலாய் பூசும் முறை. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆகவே கலாய்ப் பாத்திரத்தையும் ஈயச் சொம்பையும் வெறுமையாக அடுப்பில் ஏற்றலாகாது. மரக்கரண்டியால் கிளறுவதும், கம்பி நார் கொண்டு தேய்க்காதிருப்பதும் பூச்சின் ஆயுளை நீட்டும். செம்பு தெரியத் தொடங்கினால் மறுபூச்சு இன்றியமையாதது. காரீயத்தை வெள்ளைத் தாளில் உரசினால் சாம்பல் நிறக் கோடு விழும். எனினும் சிறிதளவான கலப்பை இச்சோதனை காட்டாது; ஆய்வகச் சோதனையே முடிவானது.

1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் எவர்சில்வர் பரவியது. கலாய் பூசுவோர் அருகிவிட்டனர். ஆயினும் பழைய ஐயம் நீங்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசியக்கூடும் என எச்சரித்தது. இண்டாலியம் நம் இல்லங்களில் நன்கு பழகிய பெயர்.

உணவு ஹலாலானதா என்று ஆராயும் நாம், அது வெந்த கலம் தூயதா என்றும் ஆராய்தல் வேண்டும். பூசுபவரிடம் 'எந்த ஈயம்?' என்றும், கடைக்காரரிடம் 'எந்த உலோகம்?' என்றும் கேட்டறிவது, நம் பந்தியில் அமரும் குழந்தைகளுக்கு நாம் செய்ய வேண்டிய கடமையாகும்.