எரிப்பதற்கென்று செய்த கடதாசி



கடதாசி உருவம் என்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்றே நாம் நினைப்போம். மெக்சிகோவில் அது பரம்பரைத் தொழில், பெயர் 'கார்ட்டோனெரியா'. கடதாசியைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, காயவைத்து, வர்ணம் பூசுவார்கள். ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை, யூதாஸ் உருவங்களில் வெடி கட்டித் தெருவில் எரிப்பார்கள். எரியப்போகும் பொருளைச் செய்தவர் பெயரை யார் கேட்பார்?

மெக்சிகோ நகரத்தின் பெட்ரோ லினாரெஸ் (1906–1992) அந்த உருவங்களைச் செய்தவர். 1936இல் கடும் நோயில் கிடந்தபோது சிறகு முளைத்த கழுதையையும் மாட்டுக்கொம்பு வைத்த சேவலையும் கனவில் கண்டதாகச் சொன்னார். சுகமானதும் அவற்றையே கடதாசியில் செய்து 'அலெப்ரிஹே' என்று அழைத்தார். இவற்றை யாரும் எரிக்கவில்லை, பாதுகாத்து வைத்தார்கள். 1990இல் நாட்டின் தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தது.

இன்று அமெரிக்காவில் ரொபர்ட்டோ பெனாவிடெஸ், அடித்து உடைப்பதற்கென்றே செய்யப்படும் 'பின்யாட்டா'வைச் சிற்பமாக்கி, இரு இனங்கள் கலந்த தன் அடையாளத்தை அதில் பேசுகிறார்.

கடதாசியும் பசையும் பழையவைதான். பார்க்கும் கண்தான் மாறியது. "கைத்தொழில்தானே" என்று நாம் சொல்லும்போது, செய்தவர் பெயரையும் சேர்த்தே எரித்துவிடுகிறோம்.