ஈரல் அடைப்பும் ஏழைகளின் உணவும்

கல்லீரலுக்குள் ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. வெளியேறுவது கல்லீரல் சிரைகள் வழியாக மட்டுமே. அந்த வழி அடைபட்டால் ரத்தம் உள்ளேயே தேங்கும், ஈரல் வீங்கும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். பெரிய சிரைகளில் ஏற்படும் அடைப்பை லண்டன் மருத்துவர் ஜார்ஜ் பட் 1845இல் எழுதிய நூலில் விவரித்தார். அந்த நூற்றாண்டின் இறுதியில் பிராகா நகரின் நோயியலாளர் ஹான்ஸ் கியாரி அதை மேலும் ஆராய்ந்தார். அந்த நோய் இன்றும் பட்-கியாரி என்றே அழைக்கப்படுகிறது.

ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய சிரைகள் அடைபடுவது வேறு நோய். அதன் வரலாறு பெரும்பாலும் ஏழைகளின் அடுப்படியில் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் செனெசியோ என்ற களைச்செடி கலந்த கோதுமை ரொட்டியைத் தின்றவர்களின் ஈரல் கெட்டதை 1920இல் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். ஜமைக்காவில் காய்ச்சலுக்கும் சளிக்கும் குழந்தைகளுக்குக் காட்டுச்செடிகளைக் கொதிக்கவைத்துக் கொடுப்பது வழக்கம். அங்கே பிராஸ், ஜெலிஃப், ஸ்டூவர்ட் ஆகிய மூவர் 1954இல் இந்தச் சிறுசிரை அடைப்பைத் தனி நோயாக வரையறுத்தனர். குழந்தைக்கு நலம் வேண்டித் தாய் காய்ச்சிய கஷாயமே நஞ்சாகியிருந்தது என்பதுதான் இதில் பெருந்துயரம்.

குற்றவாளி, கிலுகிலுப்பை போன்ற செடிகளில் உள்ள பைரோலிசிடின் அல்கலாய்டுகள். அவை உடலில் நுழைந்தவுடன் கொல்வதில்லை. ஈரலே அவற்றைக் கடும் நஞ்சாக மாற்றுகிறது. அந்த நஞ்சு அருகிலுள்ள நுண்குழாய்களின் உட்சுவரை அரிக்க, சுவர் தடித்துக் குழாய் மூடிக்கொள்கிறது.

மிகப் பெரிய பாதிப்பு ஆப்கானிஸ்தானின் ஹெராத் மாகாணத்தில் நேர்ந்தது. இரண்டாண்டு வறட்சிக்குப் பின் குல்ரான் பகுதிக் கோதுமை வயல்களில் தேள்கொடுக்கு இனக் களை மண்டியது. அதன் விதை மாவோடு அரைபட்டது. பரிசோதிக்கப்பட்ட சுமார் 7,200 பேரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஈரல் பாதிப்பு இருந்தது. அதே காலத்தில், 1975இல், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டப் பழங்குடியினரிடையிலும் நோய் பரவியது. அவர்கள் உண்ட சாமையில் கிலுகிலுப்பை விதை கலந்திருந்தது. நோயுற்றோரில் ஐந்தில் இருவர் இறந்தனர். பஞ்ச காலத்தில் தானியத்தைப் புடைத்துக் கழிக்க யாருக்கும் மனம் வராது. நஞ்சு உள்ளே வந்தது அப்படித்தான்.

பிற்காலத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன் தரப்படும் கடுமையான மருந்துகளும் இதே சேதத்தை உண்டாக்குவது தெரியவந்தது. கடுமையான நிலைக்கு டிஃபைப்ரோடைடு என்ற மருந்து 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.