பிஎம்ஐ 24, 'நார்மல்'தானா?

நம்ம திருவண்ணாமலை மக்களே, ஆப் சொல்றதை அப்படியே நம்பாதீங்க.

1) எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கை 1832-ல் தந்தவர் பெல்ஜியத்தின் கெட்லே. டாக்டர் இல்லை, கணித அறிஞர். அளந்தது ஐரோப்பியர்களை.

2) 2004, லான்செட் இதழில் ஒரு போட்டோ. பிரிட்டன் மருத்துவர் யுட்கின், புனே மருத்துவர் யாஜ்னிக். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு? அவருக்கு 9.1%, நம்மவருக்கு 21.2%!

3) அதே இதழில் உலக சுகாதார நிறுவன நிபுணர்கள், ஆசியர்கள் 23-லேயே உஷாராகணும் என்றார்கள். 2009-ல் இந்திய நிபுணர்கள் வகுத்தது: 23 அதிக எடை, 25 உடல் பருமன்.

4) இன்ச் டேப் எடுங்க. வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தொட்டாலே, ஒல்லியா இருந்தாலும் சுகர் டெஸ்ட் பாருங்க.

5) கிரிவலப் பாதை பௌர்ணமிக்கு மட்டும் இல்லைங்க. தினமும் அரை மணி நேரம் நடங்க.