சத்துணவு வரலாறும், ரெண்டு வயசுக்கு முந்தின பசியும்

1/ நாமக்கல் முட்டை லாரி போற அதே ரோட்டோரத்து வீட்டுல, ஒன்றரை வயசுக் குழந்தை வெறும் ரசம் சாதத்துல வளருது. ஏன்? கொஞ்சம் வரலாறு பாப்போம்.

2/ 1920, நீதிக்கட்சி காலம்: சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில மதிய உணவு. 1956: காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். ரெண்டுமே பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான்.

3/ ஆனா மூளை ஒண்ணாம் வகுப்பு வரைக்கும் காத்திருக்காது. ரெண்டு வயசுலயே பெரியவங்க மூளை அளவுல சுமார் 80% வந்துடும். அப்போ இரும்புச்சத்து குறைஞ்சா, அஞ்சு வயசுல சரி பண்ணாலும் இழப்பு முழுசா ஈடாகாம போகலாம்.

4/ 1980: உலக வங்கி உதவியோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 6 முதல் 36 மாசக் குழந்தைகளுக்கு மாசாமாசம் எடை. எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் சத்துணவு. சரியான வயசைப் பிடிச்ச திட்டம் இது.

5/ 1982 ஜூலை 1: எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம், 2 வயசுல இருந்தே. 1989: கலைஞர் ஆட்சியில ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 2010-ல பள்ளியில வாரத்துக்கு 5.

6/ இன்னும் ஓட்டை எங்க? வீட்டுல. "முட்டை குடுத்தா மாந்தம் வரும்னு மாமியார் சொன்னாங்க சார்." தறிக்குப் போற அம்மாவுக்கு நாளைக்கு நாலு தடவை ஊட்ட நேரமும் இல்ல. அவங்களைத் திட்டி என்ன பிரயோஜனம்?

7/ ஆறு மாசம் முடிஞ்சதும் தாய்ப்பாலோட குழைஞ்ச பருப்பு சாதம், கீரை, நல்லா வெந்த முட்டையை மசிச்சு ஆரம்பிக்கலாம். அங்கன்வாடியில மாசாமாசம் எடை போடுங்க. ரெண்டு மாசமா ஏறலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. பள்ளிக்கூடத்துக்குத் தயாராகுறது அங்கதான் ஆரம்பிக்குது.