கோழிக்கோட்டுக் கரையில் ஒரு ரமளான் நாள்

வேங்கிக்காலில் வாழும் நமக்குக் கடல் அன்றாடக் காட்சியன்று. மாரிக்காலத்தில் ஏரி நிறைந்தால் அதையே பெருநீராகக் கண்டு மகிழும் ஊர் இது. புதுச்சேரிக் கடலைக் காண வேண்டுமாயினும் நூறு கிலோமீட்டர் அளவு கிழக்கே செல்ல வேண்டும். ஆயினும், அரபு உரைநடை கற்பிக்கும் பொருட்டுக் கடற்கரைப் போர் ஒன்றின் வரலாற்றை மாணவர்களுடன் பலமுறை வாசித்திருக்கிறோம். ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் நூலில் அது இடம்பெற்றுள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூலாகிய 'ஃபத்ஹுல் முயீ'னை ஓதிய மாணவர்களுக்கு இவ்வாசிரியர் புதியவரல்லர். பொன்னானியில் வாழ்ந்த மக்தூம் குடும்பத்தாரின் முன்னோர் மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கடற்கரையிலிருந்து மலபாருக்குச் சென்றவர்கள் என்பது வழிவழிச் செய்தி.

ஹிஜ்ரி 915ஆம் ஆண்டு ரமளான் மாதம் 22ஆம் நாள் வியாழக்கிழமை பறங்கியர் கோழிக்கோட்டில் இறங்கினர் என்று ஷைகு அவர்கள் எழுதுகிறார்கள். கிறித்தவ ஆண்டுக் கணக்கில் அது 1510 ஜனவரி 3 ஆகும். நோன்பின் இறுதிப் பத்து தொடங்கியிருந்த நேரம் அது.

இப்படையெடுப்பின் பின்னணியைச் சிறிது காண்போம். முந்தைய ஆண்டு பிப்ரவரியில் தியூவை அடுத்த கடலில் மம்லூக்கு, குஜராத்து, கோழிக்கோட்டுக் கலங்களின் கூட்டணியைப் போர்த்துக்கீசியர் வென்றிருந்தனர். கடலில் தம்மை எதிர்ப்பார் இல்லை என்ற துணிவு அவர்களுக்கு வந்துவிட்டது. கோழிக்கோட்டை அழித்துவிடுக என்ற மன்னர் மனுவேலின் ஆணையுடன் தளபதி பெர்னாந்தோ கூத்தினோ லிஸ்பனிலிருந்து வந்து சேர்ந்தார். ஆளுநர் பொறுப்பேற்ற அல்புகெர்க்கும் அவருடன் இணைந்தார். ஏறத்தாழ 2000 போர்த்துக்கீசியரும் கொச்சி மன்னரின் துணைப்படையினரும் கொச்சியிலிருந்து புறப்பட்டனர். சாமூதிரி மன்னர் அப்போது தலைநகரில் இல்லை. வேறொரு போரின் பொருட்டு வெளியே சென்றிருந்தார்.

கரையிறக்கம் என்பது போர்த்தொழிலிலேயே அரிய செயல். கோழிக்கோட்டில் கரையை ஒட்டி நிற்கும் துறைமுகம் இல்லை. பெருங்கலங்கள் தொலைவில் நங்கூரமிட, வீரர்கள் சிறு படகுகளில் அலைகளைக் கடந்து வர வேண்டும். கலத்தில் ஒன்றாக இருந்த படை, படகில் ஏறியதும் துண்டு துண்டாகச் சிதறும். ஒரு படகை நீரோட்டம் வடக்கே இழுக்கும். மற்றொன்று முன்னே சென்று கரை சேரும். இங்கும் அதுவே நிகழ்ந்தது. அல்புகெர்க்கின் ஆட்கள் முந்திச் சென்று கரையோர மண்டபத்தைக் கைப்பற்றினர். வெற்றியின் பெருமை தம்மை விட்டுப் போயிற்று என்று கூத்தினோ வெகுண்டார். அச்சினமே அவரை நகரின் உள்ளே அரண்மனை வரை இழுத்துச் சென்றது என்று போர்த்துக்கீசிய நூல்களே கூறுகின்றன.

வழியில் நாகுதா மிஸ்கால் கட்டிய ஜாமிஆ பள்ளிவாசலுக்குத் தீ வைத்தனர். சீனம், யமன், பாரசீகம் ஆகிய நாடுகளுடன் வாணிகம் நடத்திய இந்தச் செல்வரை இப்னு பதூதா தம் பயண நூலில் குறிப்பிடுகிறார். அரண்மனையுள் புகுந்த படை கொள்ளையில் இறங்கியது, அணி குலைந்தது, கைகள் சுமையால் நிறைந்தன. கலங்களின் பீரங்கிகள் கரையோரத்தைத்தான் காக்கும். தென்னந்தோப்புகளுக்கு உள்ளே அவற்றால் பயனில்லை. இருபுறமும் மேட்டுக்கரை உயர்ந்த குறுகிய வழிகளில், இரும்புக் கவசத்தின் எடையுடனும் வெயிலின் களைப்புடனும் அவர்கள் திரும்பினர். மேட்டிலிருந்து நாயர் வீரர்கள் தாக்கினர். கூத்தினோ அங்கேயே மடிந்தார். அல்புகெர்க் காயமுற்றுத் தூக்கிச் செல்லப்பட்டார். பலர் படகை எட்டுமுன் நீரில் மூழ்கினர்.

இறங்குவதற்கு ஆன உயிர்ச்செலவு சிறிது. திரும்புவதற்கு ஆனதே பெரிது. கரையில் கால் வைத்ததும் வெற்றி கிட்டியது என்று எண்ணிய படைகள் பிற்காலத்திலும் இவ்வாறே துன்புற்றன. 1915 ஏப்ரல் 25இல் உஸ்மானியரின் கல்லிப்போலிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகள், அடுத்த ஆண்டு ஜனவரியில் வந்த வழியே வெளியேறின.

ஆனால் நாம் இவ்வரலாற்றை வெற்றிப் பரணியாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். மாண்ட பறங்கியர் ஏறத்தாழ 500 பேர் என்கிறார்கள் ஷைகு அவர்கள். போர்த்துக்கீசிய நூல்கள் தமக்குள்ளேயே வேறுபட்டு, அதைவிடக் குறைந்த தொகைகளைத் தருகின்றன. ஷைகு அவர்கள் எழுதியது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின்னர். அவர்கள் கேட்டறிந்த தொகை அது. தோற்ற தரப்பும் தன் இழப்பைக் குறைத்துச் சொல்லியிருக்கக்கூடும். நமக்கு உவப்பான எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது, அறிவிப்பாளரின் நம்பகத்தை ஆராயக் கற்பிக்கும் ஹதீஸ் கலையைப் பயின்ற நமக்குத் தகாது.

எண்ணப்படாத இழப்பும் உண்டு. நகரைக் காக்க உயிர் துறந்த நாயர்களின் பெயர்ப் பட்டியல் நமக்கு வந்து சேரவில்லை. தீயில் வீடிழந்தவர்களின் கணக்கும் இல்லை. முஸ்லிம் வணிகர் வாழ்ந்த நகரையும் அவர்கள் தொழுத பள்ளிவாசலையும் தாக்க வந்தோரை விரட்டியவர்களுள் முதன்மையானோர் இந்து மன்னரின் வீரர்களே என்பதை, ஜிஹாதுக்கு அழைப்பு விடுத்து எழுதிய ஷைகு அவர்களே ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நேர்மையே அந்நூலுக்குப் பெருமை.

இந்த வெற்றியும் நெடுநாள் நிலைக்கவில்லை. படகில் வந்து பெற முடியாததைப் போர்த்துக்கீசியர் 1513இல் உடன்படிக்கையால் பெற்றனர். கோழிக்கோட்டில் கோட்டை கட்டினர். 1525இல் முற்றுகைக்கு ஆளாகி அதைக் கைவிட்டாலும், 1531இல் அருகிலுள்ள சாலியத்தில் மற்றொரு கோட்டை எழுப்பினர். 1571இல் சாமூதிரியின் படை அதனை வென்று தகர்த்தது. அக்கோட்டையின் கல்லிலும் மரத்திலும் பெரும்பகுதி கோழிக்கோட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது என்றும், எஞ்சியது சாலியத்தில் முன்பு இடிக்கப்பட்ட பள்ளிவாசலை மீண்டும் கட்ட ஒதுக்கப்பட்டது என்றும் ஷைகு அவர்கள் எழுதுகிறார்கள்.

குற்றிச்சிறையில் மிஸ்கால் பள்ளிவாசல் இன்றும் தொழுகைக்குரிய இடமாக விளங்குகிறது. அதன் மேல்தளத்தில் அன்றைய தீயின் தடயம் எஞ்சியிருப்பதாக அவ்வூரார் கூறுவர். அங்கே செல்லும் நம் மாணவர்கள், மாண்ட பறங்கியர் எத்தனை பேர் என்று வினவுவதோடு நில்லாமல், அன்று அப்பள்ளிவாசல் நின்ற நகரைக் காக்க மாண்டவர் யாவர் என்றும் வினவுவார்களாக.