நடு விளக்கின் ஒளி

மட்டக்களப்பு வாவியிலே நிலவில்லா இரவில் மீன்பிடிக்கும் தோணிகளின் விளக்குகளை நாம் கண்டிருக்கின்றோம். விளக்குகள் யாவும் ஒரே அளவினவாயின், மங்கித் தெரிவது தொலைவிலுள்ளது என்று கரையில் நின்றே சொல்லிவிடலாம். வானநூலாரும் இவ்வுபாயத்தையே கைக்கொண்டனர். அதிலே நேர்ந்த பிழையையும், அப்பிழை தெளிவதற்கு ஒரு தமிழரின் கணிதம் உதவிய வரலாற்றையும் இங்கே கூறுவோம்.

சித்திரை, வைகாசி முன்னிரவுகளிலே, கன்னி இராசிக்கு வடக்கே நோக்குமிடத்தில் 'கோமா' என்னும் கொத்து இருக்கின்றது. நமது பால்வீதியைப் போன்ற விண்மீன் மண்டலங்கள் ஆயிரத்துக்கு மேல் அங்கே திரண்டுள்ளன. வெறுங்கண்ணுக்கு அவை புலப்படா. அவற்றின் ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 32 கோடி ஆண்டுகள் செல்கின்றன. நடுவிலுள்ள இரண்டு மண்டலங்களே ஏனையவற்றினும் பேரொளி உடையன. அவற்றுள்ளும் பிரகாசம் மிக்கதை 1785ஆம் ஆண்டிலே வில்லியம் ஹேர்ஷல் கண்டார்.

இத்தகைய கொத்துகள் பலவற்றிலும் முதன்மை மண்டலத்தின் பிரகாசம் ஏறத்தாழ ஒன்றாயிருக்கக் கண்டு, ஹபிள், ஹியூமாசன், சண்டேஜ் முதலியோர் அவற்றை ஒரே அளவு விளக்குகளாகக் கொண்டு தூரத்தை மதித்தனர். பிரபஞ்சம் என்றென்றும் விரியுமா, ஒருநாள் ஒடுங்குமா என்னும் பெருங்கேள்விக்கு இவ்வழியே விடை காணலாம் என்று சண்டேஜ் பல்லாண்டு உழைத்தார்.

இனி, நம்மவர் கதைக்கு வருவோம். 1910இல் இலாகூரிலே தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலே பயின்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1943இல் ஓர் உண்மையைக் கணித்துக் காட்டினார். விண்மீன் கூட்டத்தினூடே ஒரு பொருள் செல்லும்போது, தன் ஈர்ப்பினால் விண்மீன்களைப் பின்புறமாகத் திரளச் செய்கின்றது. அத்திரளோ அப்பொருளைப் பின்னுக்கு இழுக்கின்றது. வலித்த தோணியை வாவிநீர் தடுப்பதுபோல, உராய நீரில்லா விண்ணிலும் வேகம் குன்றுகின்றது!

விண்மீன்களுக்காகச் செய்த இக்கணக்கை, 1975இல் ஒஸ்திரைக்கர், திரெமேன் என்னும் இருவர் மண்டலக் கொத்துகளுக்குப் பொருத்தினர். வேகம் இழந்த மண்டலங்கள் நடுவிலே வீழ்கின்றன. நடுமண்டலம் அவற்றை விழுங்கி வளர்கின்றது. ஆகவே ஒரு விளக்கெனத் தோன்றுவது பல விளக்குகளின் கூட்டொளியே. விழுங்குதலால் ஒளி பெருகும். விண்மீன்கள் முதுமையடைதலால் ஒளி குன்றும். காலந்தோறும் மாறும் விளக்கைக் கொண்டு பிரபஞ்சத்தின் முடிவை அளப்பதெங்ஙனம்? விரிவு நாளுக்குநாள் விரைகின்றது என்னும் விடை, வெடிக்கும் விண்மீன்களின் ஒளியினாலேயே 1998இல் கிடைத்தது.

சந்திரசேகர் 1983இல் நோபல் பரிசு பெற்றார்; 1995இல் மறைந்தார். தாம் செய்த கணக்கு முப்பதாண்டின் பின் எங்கே பயன்படும் என்பதை 1943இல் அவர் அறிந்திலர். வாலிப அன்பர்களே! அளந்த பொருளை மாத்திரமன்றி, அளக்கும் கோலையும் சோதித்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.